தொப்பி கழற்றாத நாற்று

கடிகாரக்காரருக்கு ஐம்பத்தாறு வயது. கடுகளவு திருகாணியைக்கூட மூச்சடக்கி மாட்டிவிடுவார். வாயை அடக்கத்தான் தெரியாது. நாலு வருஷத்துக்கு முன் உறவுக்காரர்கள் நடுவில் தங்கை கணவரைக் காட்டி, "எதுக்கும் லாயக்கில்ல, மிளகாய்ச் செடியைக் கட்டிக்கிட்டு அழுவுறாரு" என்று சொல்லிவிட்டார். அன்றோடு தங்கை அவர் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

இந்த வருஷம் அந்தச் செடிகள் அத்தனையும் வேரழுகிப் போயின. அந்த மிளகாயை நாக்கில் வைத்தால் காது அடைக்கிற காரம். அந்த ரகம் வேறு யாரிடமும் இல்லை. எடுத்துவைத்த விதையில் பாதியை ஊன்றிப் பார்த்தார்கள், ஒன்றும் முளைக்கவில்லை. மிச்சம் ஆறு. அதை உறையில் போட்டு அனுப்பிவிட்டுத் தங்கை போன் செய்தாள்.

"இங்க குளிர்ல எதுவும் முளைக்க மாட்டேங்குது. உன் வீடு கதகதப்பா இருக்கும், உனக்குக் கையும் நடுங்காது. அதான் அனுப்பினேன்."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறு கிண்ணங்களில் ஊன்றி, சூடு படட்டும் என்று ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். பல் தேய்க்குமுன் ஒரு பார்வை, கடைக்குப் போகுமுன் ஒரு பார்வை, மதியம் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து ஒரு பார்வை. "அடைகாக்கிற கோழிகூட நடுவுல எழுந்து நடக்கும்" என்றாள் மனைவி. பத்து நாள் போயிற்று, பதினைந்து நாள் போயிற்று. தன் கையாலேயே அந்த வித்து அற்றுப்போய்விடுமோ என்று பயந்து செத்தார். பிறகு தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

பத்தொன்பதாம் நாள் ஒரே ஒரு கிண்ணத்தில் வெளிறிய தண்டு ஒன்று வளைந்து எழுந்தது. ஆனால் விதையின் ஓடு தலையை விட்டுக் கழலவில்லை. தொப்பி போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. இலை இரண்டும் அதற்குள் சிக்கிக்கொண்டிருந்தன. ஒரு நாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார். நாற்றுக்கு மூச்சு முட்டுமோ என்று நினைத்து நினைத்து இவருக்கு முட்டியது. மூன்றாம் நாள் கடையிலிருந்து பூதக்கண்ணாடியும், சின்ன இடுக்கி போன்ற சாமணமும் வந்தன.

"கொஞ்சம் பொறுங்களேன்."

"இதைவிடப் பொடிசை எல்லாம் கழட்டினவன் நான்."

ஓட்டைக் கிள்ளி இழுத்தார். வந்தது. இலைகளும் கூடவே வந்தன.

சாமணத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றார்.

"ஒண்ணுமே முளைக்கலைன்னு சொல்லிடுங்க, யாருக்குத் தெரியப்போவுது" என்றாள் மனைவி. சொல்லலாம்தான். போனைப் போட்டார். எடுத்தது தங்கை இல்லை, அவள் கணவர்.

"மாப்பிள்ளை, ஒண்ணுதான் முளைச்சுது. ஓடு கழலலைன்னு நான் இழுத்தேன், இலை பிஞ்சிடுச்சு. என்னை மன்னிச்சிடுங்க. இதுக்கும், அன்னிக்கு நான் பேசினதுக்கும்."



"எச்சில் தொட்டு ஊறவிட்டிருக்கணும், மச்சான். முதல் வருஷம் நானும் இப்படி இழுத்து மூணு நாத்தைக் கொன்னிருக்கேன். தண்டு நுனியில பச்சையா ஒரு புள்ளி தெரியுதா பாருங்க."

பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். "தெரியுது."

"அப்ப அது பொழைக்கலாம். தொடாம இருங்க. காலையில அவளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்."

கடிகாரக்காரர் சாமணத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.