மழை இன்னும் கடலில்தான் நிற்கிறது

செல்லக்கிளியின் கைப்பேசியில் பிள்ளைகளின் படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்; நிறைந்து கிடப்பதெல்லாம் கறுப்பு வெள்ளை வானம். வானத்தின் மேலடுக்கில் ஈரம் எங்கே என்று செயற்கைக்கோள் அரை மணிக்கொரு தரம் அனுப்பும் நீராவிப் படம். ஈரம் வெளுப்பு, வறட்சி கறுப்பு. போடியில் புவியியல் படித்தவள். பிழைப்பு, போடிமெட்டுக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம்.

அன்று காய் அழுகலுக்கு மருந்தடித்தே ஆகவேண்டும். அடித்த பின் நாலு மணி நேரம் மழை படக்கூடாது. பட்டால் மருந்தும் போச்சு, காயும் போச்சு.

"பத்து மணிக்குக் கனமழைன்னு வானிலையில போட்ருக்கான்" என்றான் கணவன் கன்னையன், ஜீப்பில் சாவியைப் போடாமலே. மருந்தடிக்க வந்த அய்யம்மாள் அதற்குள் பின்சீட்டில் ஏறிவிட்டாள்.

செல்லக்கிளி இரண்டு படங்களை ஒப்பிட்டாள். முதல் நாள் வானிலைக் கணினி போட்ட கணக்குப் படத்தின்படி, காலை ஆறு மணிக்கு வெள்ளைப் பட்டை கேரளக் கரையைத் தொட்டிருக்க வேண்டும். ஆறு மணிக்கு எடுத்த நிஜப் படத்தில் அது லட்சத்தீவையே தாண்டவில்லை. சீட்டில் எழுதிய காய்ச்சலை நம்புவதா, ஆளைத் தொட்டுப் பார்ப்பதா? அவள் தொட்டுப் பார்க்கிற கட்சி.

"மழை வரும். ஆனா சாயங்காலந்தான். வண்டிய எடுங்க."

"ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வருமாக்கும்?"

"சொல்லாமக் கொள்ளாம வர்றது ஒங்க தங்கச்சி மட்டுந்தான்."

ஒன்பதரை மணிக்குப் பாதித் தோட்டம் அடித்திருந்தபோது மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் அய்யம்மாளைக் காணோம், குரல் மட்டும் வந்தது: "ஆத்தா, ஒன் படத்துல இது இருக்கா?"

இல்லை. அந்தப் படத்துக்கு வானத்தின் மேலடுக்குதான் தெரியும். மலையின் இடுப்பை உரசும் மேகம் தெரியாது. படித்ததுதான், படத்தின் பெருமையில் மறந்துவிட்டாள். மருந்தடித்த இலையைத் திருப்பிப் பார்த்தாள். ஈரம் பூத்திருந்தது, சொட்டவில்லை. கழுவிக்கொண்டு போகாது.

"பம்ப எறக்குங்க. கலையட்டும்."

பதினொன்றுக்கு வெயில் எட்டிப் பார்த்தது. ஒரு மணிக்கு அடித்து முடித்தார்கள். அதற்குப் பிறகு கன்னையன் வானத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீப் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது சடசடவென்று மழை பிடித்தது.

"மணி அஞ்சே காலு" என்றான் கன்னையன், தோற்ற குரலில். செல்லக்கிளி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

கன்னையன் ஜீப்பை ஓரங்கட்டினான். வைப்பர் அசையவில்லை, கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. பின்சீட்டிலிருந்து அய்யம்மாள் தலையை நீட்டினாள்.

"ஏண்ணே, கனமழைன்னு காலையிலயே நம்புன ஆளு, இதச் சரி பண்ணிட்டு வந்திருக்கக் கூடாதா?"