கண்ணை மூடச் சொல்லாத யோகா வகுப்பு

இன்று காலை ஆவடியில் ஒரு யோகா வகுப்புக்குப் போனேன். வாழ்க்கையில் அடிபட்ட பெண்களுக்கான வகுப்பாம். இலவசமாம். கேட்டதுமே எனக்குச் சந்தேகம்.

அழைத்துப்போனது குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா.

"அழ வெச்சு வீடியோ எடுப்பாங்களாக்கா?"

"வந்து பாரு. புடிக்கலன்னா எந்திரிச்சு வந்துடு."

சர்ச் ஹாலில் கதவோரமாகப் பாய் விரித்தேன். புருஷனை விட்டு வந்து இவ்வளவு நாளாகியும், பின்னால் யாராவது நடந்தால் எனக்கு உடம்பு விறைக்கும். டீச்சர் முதுகை நிமிர்த்துகிறேன் என்று பின்னால் வருவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் எங்களுக்கு முன்னாலேயே உட்கார்ந்து சொன்னார்: "நான் யாரையும் தொட மாட்டேன். முடியலன்னா செய்ய வேணாம். கண்ண மூடணும்னும் இல்ல."

இவ்வளவு நல்லவர்களா? நான் நம்பவில்லை.

கடைசியில் படுக்கச் சொன்னார். என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று கண்ணைத் திறந்தே படுத்திருந்தேன். பக்கத்துப் பாயில் ஸ்டெல்லா அக்காவும் கண்ணை மூடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏதோ நடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"ரொம்ப நாளா வரீங்களேக்கா, நீங்களும் மூடலியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு இன்னும் மூட வரலடி. நீ வேணா மூடிக்கோ. நான் கதவப் பாத்துக்கினு இருக்கேன்."

மூடினேன்.

விழித்தபோது எல்லோரும் பாயைச் சுருட்டி முடித்திருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

பகலில் நான் தூங்கியதே கிடையாது. வகுப்புக்கு முன்னால் அங்கே கொடுத்த டீயில் ஏதாவது கலந்திருப்பார்களோ? இந்த மாதிரி வகுப்புக்குப் போனவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.