கயலின் சடையும் என் வேண்டுதலும்

அய்யனாரைக் கும்பிடுகிற சொந்தங்களே, போன கார்த்திகையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளை இல்லை. ஆனி மாதம் கயல் எங்களிடம் வந்தாள். மீமிசல் பக்கத்துப் பிள்ளை, ஏழு வயது. அப்பா இல்லை. அம்மாவுக்கு மனசு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இது தத்து இல்லை. அம்மா தேறி வரும்வரை நாங்கள் வளர்க்க வேண்டும். “அவங்க அம்மா எடத்தப் புடிக்கணும்னு நெனைக்காதீங்க” என்று குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ் மேடம் படித்துப் படித்துச் சொன்னார். நன்றாகத் தலையாட்டினேன். மண்டையில் ஏறினால்தானே!

அவள் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடுவாள், பள்ளிக்கூடம் போவாள். தலையை மட்டும் தொட விட மாட்டாள். சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். தானே கோணல்மாணலாக இரட்டைச் சடை போடுவாள். தலையெல்லாம் பேன். பள்ளியில் டீச்சர் சத்தம் போட்டார். என்னை “ஏங்க” என்றுதான் கூப்பிடுவாள். “அம்மான்னு ஒருதரம் கூப்புடேன் தங்கம்” என்று கெஞ்சினால் சுவரைப் பார்ப்பாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வரும். அன்றைக்குப் பாத்திரங்கள்தான் பாடுபடும்.

என் நாத்தனார் ஒரு வழி சொன்னார். “அய்யனாருக்கு முடி எறக்காத புள்ள எப்புடிடி ஒட்டும்? ஒரு மொட்டையப் போடு. பேனும் போகும், புள்ளையும் ஒட்டிக்கிரும்.” எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் முதல் முடி குலதெய்வத்துக்குத்தான். அப்புறம்தான் அது எங்கள் பிள்ளை. எனக்கும் அது சரியென்று பட்டது. ‘அய்யா, இவள் என்னை ஒருதரம் அம்மா என்று கூப்பிட்டால், முடியை உனக்குத் தருகிறேன்’ என்று வேண்டிக்கொண்டேன்.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போடும்போது, கண்ணைத் திறக்காமலே “அம்மா” என்றாள். யாரைக் கூப்பிட்டாள் என்று நான் யோசிக்கவேயில்லை. தலைகால் புரியாத சந்தோஷம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் வைக்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லி அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். முடி இறக்குகிறவர் தண்ணீர் தொட்டு அவள் தலையில் வைத்தார். ஆத்தாடி, என்ன கத்து! என் கையைக் கடித்து உதறிவிட்டு ஓடியே போனாள். கோயிலுக்குப் பின்னால் கருவை முள்ளுக்காடு. அதைத் தாண்டினால் மழைக்கு நிரம்பிக் கிடந்த கண்மாய்.

எல்லோரும் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினார்கள். என் வீட்டுக்காரர் கண்மாய்க்குள் இறங்கித் துழாவினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அய்யனார் முன்னால் போய் விழுந்தேன். “அவ என்னைய அம்மான்னு கூப்புட வேணாம்யா. எனக்கு ஒண்ணுமே வேணாம். அவுக அம்மாவுக்காச்சும் அந்தப் புள்ளையக் குடுத்துரு” என்று கதறினேன்.

அழுகைக்கு நடுவில் ஒரு விக்கல் சத்தம். என்னுடையது இல்லை. கோயிலைச் சுற்றி வரிசையாக நிற்கிற மண்குதிரைகளில் ஒன்றின் வயிற்றுக்கு அடியில், இரண்டு சடையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கயல்.

நான் பக்கத்தில் போகவில்லை. தள்ளியே உட்கார்ந்தேன். “முடி எடுக்கலடா தங்கம். ஏன் ஓடுன?” என்றேன்.

“மொட்ட போட்டா எங்கம்மாவுக்கு என்னைய அடையாளம் தெரியாது. அப்பறம் என்னையத் தேடவே மாட்டாங்க” என்றாள்.

அடிப்பாவி, இதைத்தானா இத்தனை மாதமும் தலையில் சுமந்துகொண்டிருந்தாய்!

சாமிக்குச் சொன்னதை விட முடியாது. நானே போய் உட்கார்ந்தேன். “என் முடிய எறக்குங்கண்ணே” என்றேன். நாத்தனார் வாயில் கை வைத்தார். மொட்டைத் தலையோடு எழுந்தபோது கயல் பக்கத்தில் வந்து பார்த்தாள். “வலிச்சுச்சாங்க?” என்று கேட்டாள். கிண்ணத்திலிருந்த சந்தனத்தை அவளே எடுத்து என் தலையில் பூசிவிட்டாள். அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன். தை மாதம் அவரே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கயலின் அம்மா அவளை வெகுநேரம் வெறித்துப் பார்த்தாள். கயல் என் சேலையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அந்த அம்மா, “கயலு, சட ஏன்டி இம்புட்டுக் கோணலா இருக்கு?” என்றாள். பிள்ளை பாய்ந்து போய் மடியில் ஏறிக்கொண்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். அய்யாவை நினைத்துக் கையெடுத்தும் கும்பிட்டேன்.

இப்போது நான் எதற்கும் அவளைக் கெஞ்சுவதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. பாத்திரங்களும் பிழைத்தன. கயல் ஒருநாள் போய்விடுவாள். அதை நினைத்தால் வேலை ஓடவில்லை, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். ஆனாலும் அர்ச்சனையில் முதலில் அவள் அம்மா பெயரைத்தான் சொல்கிறேன். சீக்கிரம் குணமாகட்டும் என்று வாய்விட்டே கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை வளர்ந்தால், அதைப் பெற்றவளுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள். அய்யா கேட்பார்.