மாமன் மடிக்கு லீவு

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். டாக்டருக்கு இது ஒரு குறைதான். பொது மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த இரண்டாம் வருடம், அந்தக் குறையால் வசமாக மாட்டிக்கொண்டேன்.

கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாகத் தகவல். பி.ஜி. டாக்டர்களுக்கு எட்டு மணி நேர வேலையும் வாரம் ஒரு நாள் ஓய்வும் கொடுக்கிறோம் என்று காட்ட வேண்டும். கொடுப்பது பிறகு இருக்கட்டும், காட்டுவது அவசரம். டூட்டிப் பதிவேட்டைப் புதிதாக எழுதத் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நான் வார்டுக்குள் நுழைந்து அப்போது முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை என்றதும் நன்றியோடு ஒத்துக்கொண்டேன்.

தாராளமாக எழுதினேன். காகிதத்தில் கொடுப்பதற்கு என்ன கஞ்சத்தனம்? யாருக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் வேலை இல்லை. எனக்கு வாராவாரம் ஓய்வு. அது போதாதென்று வருடத்துக்கு உரிய தற்செயல் விடுப்பு பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டேன். அந்தப் பதிவேட்டில் நான் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்தால் இப்போதும் பொறாமையாக இருக்கிறது. குழுவினர் புரட்டிப் பார்த்தார்கள், பாராட்டினார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

மறு வாரம் அக்கா போன் செய்தாள். திருவையாற்றுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தாயிற்றாம். அத்தான் சிங்கப்பூரிலிருந்து இரண்டு வார லீவில் வந்திருந்ததால் நாளை மாற்ற முடியாது. மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

"ஒரு நாள்டா. வேற யார் மடியிலயாவது வச்சுக் குத்துனா என் மாமியார் வீட்டுல என்ன நெனைப்பாங்க? பொறந்த வீட்டுல ஆள் இல்லையாம்பாங்க" என்றாள்.

டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். விடுப்புக் கடிதத்தோடு துறைத் தலைவரிடம் போனேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"என்ன தம்பி, சி.எல். பன்னெண்டும் முடிஞ்சிருக்கே?"

"சார், அது நான் எழுதினது சார்."

"தெரியுதே, உங்க கையெழுத்துதான். குழு பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போன ரெக்கார்டு. இனிமே அதை யாரு திருத்துறது?"

அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். கொஞ்சம் பார்த்து லீவு எடுத்திருக்கலாம் என்று புத்திமதி வேறு சொன்னார். நான் "ஆமா சார்" என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை என்மீதே எனக்கு ஆத்திரம்.

அத்தானிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறவர்.

"எட்டு மணி நேரத்துக்கு மேல போனா எங்களுக்கு ஓ.டி. ஒன்றரை மடங்கு. ஒங்களுக்கு எவ்வளவு மாப்ள?"

"எங்களுக்கு அனுபவம் தர்றாங்க அத்தான்."

மாதம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அதைச் சம்பளம் என்று சொல்லக் கூடாது, உதவித்தொகை. சம்பளம் என்றால் எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்டுவிடுவோம் அல்லவா? அத்தான், "ஏஜென்ட்டு எவன் மாப்ள? நல்லா ஏமாத்திட்டானே" என்றார்.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். மடி வராவிட்டால் காது வரட்டும் என்றாள். குறித்த நாள் காலையில், பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளையோடு ஒரு வேன் நிறைய சனம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கியது. வளாகத்துப் பிள்ளையார் கோயிலில் ஆசாரி தங்கக் கம்பியோடு தயாராக இருந்தார். ரவுண்ட்ஸுக்கும் ஓ.பி.க்கும் நடுவே கால் மணி நேரம் கேட்டுக்கொண்டு ஓடினேன். முந்தின நாள் காலையில் தொடங்கிய டூட்டி இன்னும் முடியவில்லை. பேண்ட்டுக்கு மேலேயே அக்கா வேட்டியைச் சுற்றிவிட்டாள். மணையில் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் மற்றவர்கள் சொன்னது.

ஆசாரி முதல் காதைக் குத்தியதும் பிள்ளை வீறிட்டாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது காதையும் குத்தியாயிற்று. நான் அசையவில்லை.

"மயக்க ஊசிய புள்ளைக்குப் போடுவாருன்னு பாத்தா, டாக்டரு தனக்கே போட்டுக்கிட்டாரே" என்று ஆசாரி சொல்ல, வந்த சனம் மொத்தமும் சிரித்ததாம்.

அப்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது. வார்டிலிருந்து. காதுக்குப் பக்கத்தில் பிள்ளை கத்தியும் விழிக்காதவன், "வர்றேன் சார்" என்று துள்ளி எழுந்து நின்றேன். மடியில் பிள்ளை இருந்தது நினைவில்லை. அக்கா பாய்ந்து பிடித்தாள். தரைக்கு ஒரு சாண்தான் இருந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அக்கா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இப்படியேவாடா போய் எல்லாருக்கும் ஊசி போடுற?" என்று கேட்டாள்.

வேட்டியை அவிழ்த்து அவள் தோளில் போட்டுவிட்டு ஓடினேன். வார்டில் ஒருவருக்கு ஊசி போட வேண்டியிருந்தது.