4417க்கு இரண்டு சொந்தக்காரர்கள்

வீடு மாறிய அன்று நம்பரக்கா செய்த காரியத்தை அவர் கணவர் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். சாமான் ஏற்ற வந்த லாரி வாசலில் நின்றது. மூன்று பேர் பீரோவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கட்டில் வந்தது, அடுப்பு வந்தது, வீட்டுக்காரியை மட்டும் காணோம். லாரிக்கு அடியிலிருந்து இரண்டு செருப்புக் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து டிரைவர் அலறிவிட்டார்.

"ஐயோ, யாரும்மா அது? வண்டிய ஏத்திட்டனா?"

"ஏத்தலப்பா. இது மிலிட்டரி வண்டி, தெரியுமா உனக்கு? இந்தக் கொக்கியப் பாரு, எவ்ளோ லட்சணமா இருக்கு" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பிழைப்பு, பல்செட் செய்வது. மருந்துக்கடைக்கு மேலே, ஒரே ஜன்னல் உள்ள அறைதான் அவருடைய லேப்; அதில் பல் டாக்டர்கள் அனுப்பும் அளவுகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். மேஜை நிறைய யார் யாரோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். லாரிக்கும் அவருக்கும் பதினொரு வருடங்களுக்கு முன்புவரை எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஒரு நாள் மெக்கானிக் ஒருவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு படியேறி வந்தார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்கு மேலே குனிந்தபோது தும்மல் வந்திருக்கிறது. பல்செட் தெறித்து விசிறியில் விழுந்து நான்கு துண்டாகிவிட்டது. ஒட்டும்வரை காத்திருந்தவர் கையில் ஒரு காகிதம். லாரியின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், அடித்திருக்கும் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு அது. கடைசி இரண்டு எண் விழவில்லை என்று பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பல் இல்லாத வாயால் அவர் அந்த அலுவலகத்தைத் திட்டியதில் பாதி காற்றாகவே வந்தது.

"இதுக்கு எதுக்குப் பென்சில்? பல்லுக்கு அளவெடுக்கிற பசைய வச்சு அமுக்குனா, மயிரிழை கீறல்கூடத் தெரியுமே" என்றார் அக்கா.

சொன்னதோடு விடாமல் வேலை முடிந்ததும் பசை டப்பாவோடு பட்டறைக்குப் போனார். அமுக்கினார், உரித்தார், ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்தார். இரண்டு எண்ணும் துல்லியமாக வந்தன. மெக்கானிக்குக் காரியம் முடிந்தது. அக்காவுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. அந்த லாரியின் கதவில் உரிந்திருந்த மஞ்சளுக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் ராணுவப் பச்சை, பச்சையின் மேல் வெள்ளையில் ஒரு எண். இது யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் போயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து பட்டாளத்திலிருந்து ஏலத்தில் வந்த கனரக லாரி எங்கே நின்றாலும் சரி, அக்கா அதன் அடியில் இருப்பார். நம்பரைக் குறிப்பார். ராணுவ ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதுவார். அங்கே இருந்த குமாஸ்தா ஒருவர் முதல் இரண்டு வருடம் பதிலே போடவில்லை. பிறகு தப்பிக்க வழியில்லை என்று தெரிந்து, ஒழுங்காகப் பதில் போட ஆரம்பித்தார். அக்காவின் கணவர் தபால்காரர். "ஊர்ல எல்லாருக்கும் போடுற தபால் ஒரு பை, என் பொண்டாட்டிக்கு மட்டும் ஒரு பை. பட்டாளத்திலேர்ந்து இப்படி விடாம கடுதாசி வந்தா புருஷன் என்ன நினைப்பான்?" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போவார்.

பதிவு அலுவலகத்தின் பழைய பேரேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிய வருடம்தான் வினை வந்தது. 4417 என்ற ஒரே சேஸிஸ் நம்பரில் இரண்டு லாரிகள் ஓடுவதாகக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது. ஒன்று மரக்கடைக்காரருடையது; அதில் அவர் பெரிய மரங்களை ஏற்றுவார். மற்றது ரெகவரிக்காரருடையது, பள்ளத்தில் விழுந்த வண்டிகளை அதைக் கொண்டு இழுப்பார். மரக்கடைக்காரரின் மனைவி, ரெகவரிக்காரரின் கூடப்பிறந்த அக்கா. இருபத்திரண்டு வருடம் முன்பு இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒரே பட்டாள ஏலத்தில் எடுத்த லாரிகள். ஒருவர் இங்கேயும் மற்றவர் பக்கத்து ஊரிலும் பதிந்திருந்ததால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

அலுவலகம் இரண்டு லாரிகளையும் ஓடக் கூடாது என்று நிறுத்திவிட்டது. மாமனும் மச்சானும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவரை ஒருவர் திருட்டு நம்பர்காரன் என்றார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்ட அந்த அம்மாள் ஒரு மத்தியானம் லேப்புக்கு வந்து, மேஜையில் சிரித்துக்கொண்டிருந்த பல்வரிசைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"உங்களத்தான் நம்பரக்கான்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டுல எது அசல்னு சொல்லிடுங்க. இல்லன்னா ரெண்டையும் நானே பழைய இரும்புக்குப் போட்டுடுறேன். வீட்ல ஒருத்தர் வந்தா ஒருத்தர் எந்திரிச்சுப் போறாங்க. நான் எத்தனை தடவைதான் தட்டு வைக்கிறது?"

அடுத்த நாளே அக்கா போனார். முதலில் ரெகவரிக்காரரின் லாரி. வலது முன்சக்கரத்துக்குப் பின்னால் கிரீஸைச் சுரண்டியதும் அடிச்சட்டத்தில் பளிச்சென்று 4417. ரெகவரிக்காரர் ஒரு குதி குதித்தார்.

"அவசரப்படாதீங்க. டேஷ்போர்டுல நம்பர் தகடு எங்க?"

"அது நான் வாங்கறப்பவே இல்லையேக்கா. ரெண்டு ஸ்க்ரூ ஓட்டைதான் இருந்துச்சு."

பிறகு மரக்கடை. மரக்கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். டேஷ்போர்டில் பித்தளைத் தகடு, அதில் 4417, தினமும் துடைத்த மினுமினுப்பு. அவர் அதோடு நிற்கவில்லை. கதவிலிருந்த ஓட்டையைக் காட்டி, "விரலை விட்டுப் பாருங்க. குண்டு! எல்லைக்கு டாங்கி இழுத்துட்டுப் போனப்ப பாஞ்சது" என்றார். கடைக்கு வரும் அத்தனை பேரும் அந்த ஓட்டையில் விரல் விட்டவர்கள்தான். அக்காவும் விட்டார். அது ஆன்டெனா மாட்டிய துளை என்பது சுற்றியிருந்த வாஷர் தடத்திலேயே தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அந்த லாரியின் அடிச்சட்டத்தில் நம்பர் இருந்த இடம் துருப்பிடித்து அம்மைத் தழும்பு போலக் கிடந்தது. அக்கா பசையைப் பிசைந்து அமுக்கினார். மறுநாள் காய்ந்த அச்சை லேப் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 2960.

"பித்தளைய நம்பறதா, பசைய நம்பறதா?" என்று மரக்கடைக்காரர் கத்தினார்.

"ரெண்டையும் நம்பலாம். கடுதாசி வரட்டும்" என்றார் அக்கா.

ஆறு வாரம் கழித்துத் தபால்காரர் வழக்கமான நேரத்துக்கு முன்பே லேப்புக்கு ஓடிவந்து உறையைக் கொடுத்தார். மாலையில் மரக்கடையில் எல்லோரும் கூடினார்கள். மச்சான் ஒரு மரக்கட்டையில், மாமன் எதிர்க் கட்டையில், அந்த அம்மாள் நடுவில்.

அக்கா விளக்கினார். இரண்டு லாரிகளும் ஒரே மாதத்தில் ராணுவக் கிடங்குக்கு உள்ளேயே இருந்த பட்டறைக்கு ரிப்பேருக்குப் போயிருக்கின்றன. டிரைவர் கூண்டைக் கழற்றி வேலை பார்த்தவர்கள், திரும்ப மாட்டும்போது இதன் கூண்டை அதற்கும் அதன் கூண்டை இதற்கும் மாட்டிவிட்டார்கள். தகடு கூண்டோடு போய்விட்டது. அந்தத் தகட்டைப் பார்த்தே மரக்கடைக்காரரின் லாரியை 4417 என்று பதிந்திருக்கிறார்கள்.

"அப்ப நாங்க யாரும் திருடல?" என்றார் ரெகவரிக்காரர்.

"யாரும் திருடல. உங்ககிட்ட 4417ஓட உடம்பு, அவர்கிட்ட தலை. ஆனா சட்டப்படி சேஸிஸ்தான் வண்டி. அதனால 4417 உங்களோடது."

மரக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "போகட்டும். என்னோட 2960 என்ன பண்ணுச்சாம்? எந்த டாங்கிய இழுத்துச்சு?"

அக்கா கடிதத்தை மடித்துப் பையில் வைக்கப் பார்த்தார். அந்த அம்மாள் பிடுங்கிச் சத்தமாகப் படித்தார்: "வாகன எண் 2960. பயன்பாடு: நடமாடும் சலவை நிலையம்."

அந்த அம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பீரங்கிய இழுத்துச்சு, டாங்கிய இழுத்துச்சுன்னு இருபது வருஷமா காது கிழிய சொன்னீங்களே! பனியனைத்தான் இழுத்திருக்கு!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, தம்பி தோளில் சாய்ந்துகொண்டார்.

மரக்கடைக்காரர் எழுந்துபோய் லாரியின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினார்.

பதிவு அலுவலகத்தில் திருத்தம் செய்யத் தயாராகத்தான் இருந்தார்கள். கையெழுத்துப் போட அவர்தான் போகவில்லை. "சலவை வண்டிக்கு எதுக்கு நம்பர்?" என்று ஒரே பிடிவாதம். மரம் ஏற்ற வாடகை லாரி வைத்துக்கொண்டார். அக்காவுக்கு மனசு உறுத்தியது. உண்மையைக் கண்டுபிடிப்பதோடு தன் வேலை முடிந்தது என்று இத்தனை வருடம் இருந்தவர். அது ஒரு மனிதரை இப்படி மூலையில் உட்கார வைக்கும் என்று அவர் நினைத்ததில்லை. காப்பகக் குமாஸ்தாவுக்கு இன்னொரு கடிதம் எழுதினார்: அந்தச் சலவை லாரியில் வேலை பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?

ஒரு மாதம் கழித்து, குடையும் கைப்பையுமாக ஒரு மெலிந்த மனிதர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். மூன்று வருடம் அந்த லாரியில் இருந்தவர். அக்கா அவரை மரக்கடைக்கு அழைத்துப் போனார். மரக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தார்ப்பாயை விலக்கினார்.

வந்தவர் லாரியை ஒரு சுற்று சுற்றினார். பக்கவாட்டுப் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"இங்கதாங்க கொதிகலன் இருந்துச்சு. நாங்க முன்வரிசையில நின்னு சண்டை போட்டவங்க இல்ல. ஆனா அங்க நின்னவங்க எல்லாரும் எங்ககிட்டதான் வந்து நிப்பாங்க. அந்தக் குளிர்ல சூடா இருந்த ஒரே இடம் இதுதான். காஞ்ச காலுறை ஒரு ஜோடிக்காகப் பெரிய அதிகாரியே வரிசையில நின்னாரு. அவர முன்னால வரச் சொன்னோம். மாட்டேன்னுட்டாரு. அப்புறம் ஏழு மாசம் ஆஸ்பத்திரி வேலை. அடிபட்டவங்க போர்வை, கட்டுத்துணி எல்லாம் நாங்கதான். முதல் நாள் துவைச்ச தண்ணி சிவப்பாப் போச்சு. அன்னிக்கு எங்க யாருக்கும் சாப்பாடு இறங்கல."

மரக்கடைக்காரர் மெதுவாகத் திரும்பினார். "ஒரு நாளைக்கு எவ்வளவு துணி இருக்கும்?"

"ஆயிரத்து எண்ணூறு உருப்படி. ஒரு நாள்கூட நிறுத்தினதில்ல."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

மரக்கடைக்காரர் உள்ளே பார்த்து, "வந்தவருக்கு நாற்காலி போடு, நிக்க வச்சிருக்கியே!" என்று மனைவியை அதட்டினார். மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்று கையெழுத்துப் போட்டார். இப்போது கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் கதவு ஓட்டையைக் காட்டுவதில்லை. கொதிகலன் இருந்த இடத்தைக் காட்டுகிறார். ஆயிரத்து எண்ணூறு உருப்படி போன மாதம் மூவாயிரம் ஆகியிருப்பதாகக் கேள்வி. அக்கா திருத்தவில்லை.

மாமனும் மச்சானும் பழையபடி ஒரே வேளையில் தட்டு முன் உட்காருகிறார்கள். மச்சானுக்குத்தான் இப்போது ஏக்கம். அசல் 4417 அவருடையது. ஆனால் அதன் ராணுவப் பதிவு அட்டையில், அந்த ஒரு ரிப்பேரைத் தவிர, பதினெட்டு வருடம் கிடங்கில் காத்திருப்பில் இருந்தது, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜின் ஓட்டப்பட்டது என்று மட்டும்தான் இருந்தது.

"ஒரு தடவையாவது வெளிய போயிருக்கும்லக்கா? நல்லா தேடிப் பாக்கச் சொல்லுங்க" என்று லேப் படியில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அக்கா எழுதினார். போன வாரம் பதில் வந்தது. ஒரு முறை வெளியே போயிருக்கிறது: டயர் மாற்ற, பதினொரு கிலோமீட்டர்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்கா அதைப் படித்துக் காட்டினார். ரெகவரிக்காரர் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தானே இன்னொரு முறை படித்தார்.

"பதினொரு கிலோமீட்டர்னா கொஞ்சமா? எந்த ரோடுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா."

அக்கா மேஜையிலிருந்த பல்வரிசையை நகர்த்திவிட்டு, புதுத் தாளை எடுத்தார்.