காது டாக்டரிடம் போவதாகச் சொன்ன பூங்குழலி

பூங்குழலி அக்கா ரகசியம் சொன்னால் எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும். இது அவள் குற்றமில்லை. மங்கலம் என்ற தறிக்கார ஊரில், விசைத்தறி ஓடும் குடோனை ஒட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவள். தறி ஓடும் இடத்தில் "சோறு வேணும்" என்று கேட்பதற்கே கழுத்து நரம்பு புடைக்க வேண்டும். இப்போது அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அங்கே பொங்கல் விழாவில் மைக் கெட்டுப்போனபோது முதலாளியே, "பூங்குழலியைக் கூப்பிடுங்க" என்றாராம்.

தறிக்காரர்களுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. கத்திக் கத்திச் சலித்துப்போய், எதிர்த் தறியில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அக்காவின் அம்மா காளியாத்தாள், எனக்குப் பெரியம்மா, இதில் கெட்டிக்காரி. டி.வி.யின் சத்தத்தை அணைத்துவிட்டு சீரியல் பார்ப்பாள். கல்யாண மண்டபத்தில் அந்தக் கோடியில் மாப்பிள்ளை வீட்டார் என்ன முணுமுணுக்கிறார்கள் என்பதை இந்தக் கோடியில் சாப்பிட்டுக்கொண்டே எங்களுக்குச் சொல்வாள். அதனாலேயே ஒரு சம்பந்தம் நின்றுபோனது.

அக்காவுக்கு மூடின கதவு ஆகாது. லிஃப்டில் ஏறமாட்டாள். பாத்ரூமில் தாழ்ப்பாள் போடமாட்டாள். ஆள் இருப்பது தெரிய உள்ளேயிருந்து பாடுவாள். கம்பெனியில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பாட்டு நின்றால் அடுத்த ஆள் போகலாம். பீகாரிலிருந்து வந்த பெண்கள் தமிழ் கற்றுக்கொண்டதே அந்தப் பாட்டுகளில்தான் என்று ஒரு பேச்சு.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஒன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகளின் டீச்சர் போன் செய்யும்வரை. "உங்க பாப்பா பாத்ரூம் கதவைச் சாத்தவே மாட்டேங்கிறாங்க மேடம். பாட்டு வேற பாடறாங்க. இப்ப பாதி கிளாஸ் பாடுது."

அக்கா போனை வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் அழுதாள். மறுநாளே, கம்பெனியில் சொல்லியிருந்த கவுன்சலிங் இடத்தில் நேரம் வாங்கினாள்.

அதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாள். நான் நாலு வருடம் வடக்கே, வெளிநாடு என்று சுற்றிவிட்டுத் திரும்பியவள். அதனால் எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பினாள். எங்கள் ஊரில் ரகசியம் பேச வேண்டுமென்றால் தறி ஓடும் இடத்துக்குத்தான் போக வேண்டும். பக்கத்துக் குடோனில் ஒரு மூலையில் நிறுத்தி, என் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

அவள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் அவளைக் குடோனுக்குள் இருந்த நூல் ரூமில் தள்ளி வெளியே தாழ் போட்டுவிடுவார். உள்ளே இருட்டு. கதவில் முகமளவுக்கு ஒரு கம்பி ஜன்னல். எவ்வளவு கத்தினாலும் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

"அவரு போய்ச் சேந்துட்டாரு கீர்த்தனா. அவரு கதை முடிஞ்சுது. எனக்கு அம்மாதான்டி."

எதிர்த் தறியில் பெரியம்மா நிற்பாள். ஒரு நாள் நிமிர்ந்து ஜன்னலை நேராகப் பார்த்தாள். "அம்மா, கதவத் தொற" என்று அக்கா சொன்னாள். காது கேட்டிருக்காது. ஆனால் பெரியம்மாவுக்குத்தான் காதே வேண்டாமே. அவள் குனிந்து, அறுந்த இழையை முடிச்சுப் போடத் தொடங்கிவிட்டாள்.

"பாத்துச்சா, பாக்கலையா? இத்தன வருசமா அதேதான்டி ஓடுது. அங்க போயி இதச் சொல்லோணும்."

முதல் தடவை போனவள் கால் மணி நேரத்தில் ஓடிவந்துவிட்டாள். கவுன்சலரின் அறைக்குக் கண்ணாடிக் கதவாம்.

"எனக்கு முன்னாடி ஒருத்தர் உள்ள பேசிட்டிருந்தாரு. பாக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். கண்ணு போயிருச்சு. மச்சான் கல்யாணத்துல அவரக் கடைசிப் பந்தியில உக்கார வெச்சாங்களாம். ரசங்கூட இல்லியாமா. பாவம்டி, அழுகறாரு. நாளைக்கு நான் உள்ள உக்காந்திருக்கறப்ப வெளிய ஒரு மங்கலத்துக்காரி வந்து உக்காந்தா?"

இரண்டு நாள் யோசித்து அவளே வழி கண்டுபிடித்தாள். கொரோனா காலத்து மாஸ்க் ஒன்று பீரோவில் கிடந்தது.

பெரியம்மாவிடம் காது டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். தறிக்கார வீட்டில் இதைவிட நம்பும்படியான பொய் கிடையாது. நம்பும்படியாக இருந்ததுதான் வினை. சனிக்கிழமை நாங்கள் கிளம்பும்போது பெரியம்மா நல்ல சேலை கட்டி, பையோடு வாசலில் நின்றாள்.

"எனக்குந்தான் இடது காது கொய்யுங்குது. ஒரே நடையா ரெண்டு பேருத்துக்கும் பாத்துட்டு வந்தர்லாம்."

"வயசானவங்களுக்கு அங்க பாக்க மாட்டாங்கம்மா!"

"வயசானவங்களுக்குப் பாக்காத காது டாக்டரா? அப்பறம் பொழப்புக்கு என்ன பண்றாரு?"

டவுன் பஸ்ஸில் மூன்று பேருமாகப் போனோம். மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த இடம். பெரியம்மா போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மனநலம்னு போட்டிருக்குது?"

"காதுக்கும் மனசுக்கும் நரம்பு ஒண்ணுதான் பெரியம்மா," என்றேன்.

"இருக்கும், இருக்கும்," என்று கண்ணாடிக் கதவுக்கு நேராக ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தாள். எவ்வளவு சொல்லியும் வேறு இடத்துக்கு வரவில்லை. அங்கேதான் மின்விசிறி இருந்ததாம்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாஸ்க்கைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். கவுன்சலர் அபிராமி மதுரைப் பக்கத்துப் பெண், சின்ன வயது. கதவு சாத்தியதும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"'தண்ணி குடிக்கிறீங்களா'ங்குது டாக்டர் புள்ள. நல்ல பழக்கம்."

"பெரியம்மா, பாக்காதீங்க."

"நான் எங்க பாக்கறேன்? கண்ணு அங்கதான இருக்குது. 'என்ன சொன்னீங்க'ங்குது. மறுக்காவும் 'என்ன சொன்னீங்க'ங்குது. ஏன்டி, காது அந்தப் புள்ளைக்குத்தான் கேக்காதாட்ட இருக்குது?"

ஊரை எழுப்பும் குரல் அன்றைக்குத்தான் தொண்டையை விட்டு வரவில்லை. மாஸ்க்குக்குள் என்னவோ முனகிக்கொண்டிருந்தாள் அக்கா.

"'அவசரமில்லைங்க, எங்கிருந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்'ங்குது. காது எங்க வலிக்குதுன்னு கேக்காம இதென்ன இப்பிடி இழுக்குது? 'சின்ன வயசுலயா'ங்குது..." பெரியம்மா கொஞ்சம் நிறுத்தினாள். "'எந்த ரூம்ல'ங்குது."

பெரியம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

அக்கா திரும்பினாள். கண்ணாடி வழியாகத் தன் அம்மாவைப் பார்த்தாள். நான் எழுந்து பெரியம்மாவுக்கு முன்னால் நின்று மறைக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அபிராமி எழுந்து வந்துவிட்டார். கதவின் ஓரத்தில் ஒரு திரைச்சீலை கட்டிவைத்திருந்தது. இரண்டு தடவை வந்த அக்காவின் கண்ணில் அது படவே இல்லை. அதை இழுத்துவிடக் கையை வைத்துக்கொண்டு அபிராமி என்னவோ கேட்டார்.

அக்கா வேண்டாமென்று தலையாட்டினாள். பிறகு மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். அபிராமியிடம்தான் பேசினாள். முகம் மட்டும் கதவுப் பக்கம் இருந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு உதட்டைப் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

பெரியம்மா பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இந்த முறை குனியவில்லை. அக்கா பேசி நிறுத்தியதும் பெரியம்மாவின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. எனக்கு அந்த வித்தை வராது. ஆனாலும் அந்த ஒரு சொல் எனக்குக்கூடப் புரிந்தது.

"பாத்தேன்."

அவ்வளவுதான். கண்ணாடிக் கதவு, மாடிப்படி, கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டது அக்காவின் குரல்.

"பாத்துட்டாம்மா நின்னே?"

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். டோக்கன் கொடுக்கிற பெண் பதறி எழுந்து கதவைத் தட்டப் போனாள். "மேடம், கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க..."

பெரியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.

"பேசட்டும் உடு கண்ணு. அது இன்னும் மெதுவாத்தான் பேசுது."