பெயருக்குள் குடிவந்தவள்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பழவேற்காட்டுக் கோட்டைத் தெருவில் ஓலை எழுதிப் பிழைக்கும் என் மருமகன் எழுதுகிறான். இதற்குள் இரண்டு முறை எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் இன்னாத்துக்கு அத்தே?" என்று கேட்டுவிட்டான். எழுது என்றேன்.

எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டில் இருந்தது. உலாந்தா வெள்ளைக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம். என் வீட்டுக்காரர் பெரிய படகில் துடுப்புப் போடுகிறவர். கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கொண்டுபோவது அந்தப் படகுதான். நான் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரியைக் கடந்து, திருப்பாலைவனம் வழியாகக் காட்டூர் வரை நடப்பேன். கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்கி வருவேன்.

காட்டூரில் நான் போகக்கூடிய தெருக்கள் உண்டு, போகக்கூடாத தெருக்களும் உண்டு. பண்ணைக்காரர் வீட்டில் கூடையை வாசலுக்கு வெளியே இறக்கிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். பண்ணையாட்களின் சேரிக்கோ அவரே வரமாட்டார். வரப்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தச் சேரியில் மூன்றாவது குடிசைக்காரிதான் எனக்கு நெருக்கம். மேலுதட்டில் ஒரு வெட்டுத் தழும்பு. சிரித்தால் அது ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு பிடி நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இந்த வாளையில தலைதான் பெருசா கீது" என்று பேரம் பேசுவாள். அவளுக்குப் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

பிறகு இரண்டு மழைக்காலம் பொய்த்தது. ஏரி வற்றி ஓரமெல்லாம் உப்புப் பூத்தது. எங்களுக்குக் கடல் இருந்தது. சோறில்லாமல் வெறும் மீனைத் தின்றோம். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் பழவேற்காட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். கப்பலில் ஏற ஆள் எடுக்கிறார்கள் என்று தரகர்கள் ஊர் ஊராகச் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் வந்த வரிசை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதலில் பண்ணையாட்கள் வந்தார்கள். ஒரு மாதம் கழித்துக் குத்தகைக்கு உழுகிறவர்கள். அதற்கும் பிறகு நெசவாளிகள், கையில் ஒன்றும் இல்லாமல். ஊரில் எந்தத் தெருவில் இருந்தார்களோ அதே வரிசையில், கடைசித் தெரு முதலில். பண்ணைக்காரர் வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை.

ஒரு நாள் காலை, படகடியில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். முகம் அவள் முகமாக இல்லை. தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. சுட்ட மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகள் வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமலே உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்த ஊருக்குடி போற?"

"தெரியல அக்கா. கடலுக்கு அந்தாண்ட. சோறு போடுவாங்களாம்."

"திரும்பி?"

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்க ஆண்டே உன்னைக் கேப்பாரு. நாங்க வழியில செத்துட்டோம்னு சொல்லிடு. ஓடிட்டோம்னு தெரிஞ்சா எங்க அண்ணனைப் புடிச்சிக் கட்டுவாரு."

சரி என்றேன். யாரும் அவர்களைக் கட்டி இழுக்கவில்லை. தரகர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளும் எழுந்து போய் ஏறினாள்.

வெயில் தாழ என் வீட்டுக்காரர் திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தார்.

"நாப்பது பேர் ஏறியும் படகு தாழவே இல்லடி. வெத்துப் படகு மாதிரியே போச்சு. பெரிய அலை ஒண்ணு தூக்கிப் போட்டுச்சு. எங்க ஆளுங்களே கத்திட்டாங்க. அவங்கள்ல ஒருத்தரும் கத்தல. ஒரு கொழந்தை கூட."

அன்று துடுப்புக்காரர்களுக்குக் கூலியாக அரிசி கொடுத்திருந்தார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அரிசி. நான் அதை வடித்தேன். தின்றோம். ருசியாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் கேட்டுக்கொண்டதைச் சொல்ல வேண்டுமே என்று சில நாள் கழித்துக் காட்டூருக்கு நடந்தேன். பண்ணைக்காரர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் புழங்கும் சத்தம் கேட்டது, யாரும் திறக்கவில்லை. சேரிக்குப் போனேன். நல்ல உச்சி வெயில். எல்லாக் குடிசைகளின் படலும் திறந்து கிடந்தது. அடுப்புகளில் சாம்பல் காற்றில் கலையாமல் இருந்தது. காக்கை இல்லை. மூன்றாவது குடிசை வாசலில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. செத்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் போனபோது கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. அவளுடைய அண்ணன் வீடும் காலிதான். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அடுத்த ஆண்டு மழை கொட்டியது. ஏரி நிறைந்தது, பூநாரைகள் வந்தன. தை பிறந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடி காட்டூருக்குக் கிளம்பினேன். யார் அறுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். வயலெல்லாம் பொன்னாகக் கிடந்தது, அறுப்பும் நடந்துகொண்டிருந்தது.

பண்ணைக்காரர் வரப்பில் குடை பிடித்து நின்றார். நான் தள்ளி நின்று, அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வயல் பக்கம் திரும்பி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மூன்றாவது குடிசைக்காரியின் பெயர்.

"வந்துட்டேன் ஆண்டே" என்று ஒரு பெண் அரிவாளோடு எழுந்தாள். கறுத்து, உயரமாக, உதட்டில் தழும்பு இல்லாமல், வேறு ஒருத்தி.

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அது அவளுடைய அண்ணன் பெயர். யாரோ ஒருவன் எழுந்து வந்தான். இப்படியே சேரி முழுவதையும் கூப்பிட்டார். ஒரு பெயருக்குக்கூடப் பதில் வராமல் போகவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "வடக்கேர்ந்து வந்த ஜனங்க. குடிசை, வயல், களத்துல வாங்கற படி நெல்லு, எல்லாம் அந்தந்தப் பேர்ல ஓலையில கீது. பேரை மாத்தினா ஓலையை மாத்தணும். ஆள் மாறினா இன்னா, வேலை மாறலையே?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கேலியும் இல்லை. கலப்பை மாற்றியதைச் சொல்வது போலச் சொன்னார்.

சேரிக்குப் போனேன். அந்த உயரமான பெண் மூன்றாவது குடிசையில் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். தெலுங்கு கலந்த பேச்சு. பஞ்சத்தில் நைனாவும் அண்ணன் தம்பிகளும் செத்துப்போக, புருஷனோடு நடந்தே வந்தவள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இந்தப் பேருக்காரிய நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"எப்படி இருப்பா? என்னை மாதிரியா?"

"இல்ல."

"மொத நாளே அந்தக் கெழட்டு நாய் என் பின்னாடி வந்துச்சு அக்கா. வெரட்டினாலும் போகல. அவ முறத்துலதான் பொடைக்கிறேன். கொழந்தை அரைஞாண் ஒண்ணு கூரையில சொருகி இருந்துச்சு. தொடவே இல்ல. அவ செத்துட்டாளா?"

தழும்புக்காரி சொல்லச் சொன்ன பொய் வாய்வரை வந்தது. "கப்பல்ல போயிட்டா" என்று உண்மையைச் சொன்னேன். இவள் அதற்குத்தான் பயந்தாள். "அப்போ வந்துடுவாளா?" என்றாள்.

தன் சொந்தப் பெயரை அன்றே எனக்குச் சொன்னாள். "யாரும் இல்லாதப்போ அப்படிக் கூப்புடு அக்கா. நானே மறந்துடுவேன் போல கீது." அதன்பிறகு ஒவ்வொரு முறையும், பக்கத்தில் ஆள் இல்லாதபோது, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் சட்டென்று திரும்புவாள். சில வருடம் போனபின் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், இடுப்பளவு உயர்ந்தாள். கருவாட்டுக்குப் பேரம் பேசும்போது, "தலைதான் பெருசா கீது" என்று அம்மாக்காரி ஒரு நாள் சொன்னாள். யாரிடம் கற்றாளோ. நான் நெல்லை அளந்து பார்க்காமலே முடிந்துகொண்டு கிளம்பினேன்.

மகள் குமரியாகியிருந்த மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். நான் போனபோது பிணம் வாசலில் கிடந்தது. பெண்கள் மாரடித்து அழுதார்கள். எல்லாரும் சொல்லி அழுதது பண்ணைக்காரர் கொடுத்த பெயரை. நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் சொந்தப் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன். மற்றவர்களின் அழுகை சட்டென்று நின்றது.

"யாருக்கு அழுவுற?" என்று மகள் கேட்டாள்.

"உங்கம்மாவுக்குத்தான்."

"எங்கம்மா பேரு அது இல்ல" என்றாள். கோபத்தோடு கூட இல்லை. வீடு மாறி வந்துவிட்ட ஒருத்திக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். செத்தவளின் புருஷனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறு அறுப்புக்குப் போனபோது வரப்பில் பண்ணைக்காரரின் மகன் குடை பிடித்து நின்றான். அதே பெயரைக் கூப்பிட்டான். "வந்துட்டேன் ஆண்டே" என்று சேற்றிலிருந்து மகள் எழுந்து ஓடினாள்.

நான் கூடையை இறக்கவில்லை. அன்றோடு காட்டூருக்குப் போவதை விட்டு, அனுப்பம்பட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். அங்கேயும் பண்ணைகள் உண்டு. வரப்பில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பதில் சொல்கிறவளின் முகத்தை மட்டும் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.